பியானோ இல்லாத குயருக்குப் புதுப்பாட்டு அனுப்பணும்: பாஸுக்கு மூச்சு முட்டுது, சுருதி இறங்குது

கீழ்_ஸ்தாயி:
வணக்கம். வெளிநாட்டுக் குயர் ஒண்ணு புதுப்பாட்டுகள் கேட்டிருக்காங்க. மொத்தம் 12 பேர், வாத்தியமே கிடையாது, 5 நிமிஷத்துக்குள்ள முடியணும், 8 குரல் வரை பிரிக்கலாம், ஸ்கோர்ல (இசைக்குறிப்புத் தாள்ல) எழுதினவர் பேர் இருக்கக் கூடாது.

குறுந்தொகைப் பாட்டு ஒண்ணை ஹம்சத்வனி ராகத்துல மியூஸ்ஸ்கோர்ல (இசைக்குறிப்பு எழுதுற மென்பொருள்) எழுதியிருக்கேன். மேற்கத்திய ஸ்வரமான டி தான் ஸா. தம்புரா மாதிரி இருக்கட்டும்னு பாஸை (ஆண்களோட கீழ்க்குரல்) ரெண்டாப் பிரிச்சு, கீழ்ப் பிரிவு கீழ் டி-யை 24 பார் (தாளக் கட்டம்) 'ம்'னு பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க. கம்ப்யூட்டர்ல கேட்டா அருமையா இருக்கு. இங்க பாளையங்கோட்டையில எங்க சர்ச் குயர் ஆட்களை வச்சுப் பாடிப் பார்த்தா, அந்த டி காதுலயே விழல, பாதியில மூச்சு வாங்குறாங்க, முடிச்சதும் கீபோர்டைத் தட்டினா அரை ஸ்வரம் இறங்கியிருக்கு. பாடுறவங்க கோளாறா, எழுத்துக் கோளாறா?

அவங்களுக்கு அர்த்தம் புரியணுமேன்னு ஏ.கே. ராமானுஜனோட ஆங்கில மொழிபெயர்ப்பையும் முதல் பக்கத்துல போட்டிருக்கேன். அது பரவாயில்லையா?

ஆல்ட்டோ_அக்கா:
எழுத்துதான் தம்பி. 12 பேர்ல பாஸ் மூணு பேர்னு வச்சுக்கோ. ரெண்டாப் பிரிச்சா ஒரு பக்கம் ரெண்டு பேர், இன்னொரு பக்கம் ஒத்தை ஆள். ஒருத்தர் மூச்சு எடுக்கும்போது பக்கத்துல உள்ளவர் தாங்குறதுக்கு ஒரே ஸ்வரத்துல மூணு நாலு பேராவது வேணும். மியூஸ்ஸ்கோர் மூச்சே விடாது, சுருதியும் இறங்காது. அதை நம்பிக் குரலுக்கு எழுதாதே.

அப்புறம் அந்தக் கீழ் டி. சாதாரண பாஸுக்கு எல்லை கீழ் எஃப், மிஞ்சினா அதுக்குக் கீழ உள்ள ஈ. அதுக்கும் கீழ வாயை மூடிக்கிட்டு 'ம்' சொன்னா என்ன கேட்கும்? ரஷ்யக் குயர்கள்ல அதையும் தாண்டி இறங்குற ஆட்கள் உண்டு. அவங்களை நம்பி எழுத முடியாது.

டெனர்_மூணாம்_வரிசை:
பாட்டு முழுசையும் எஃப்-க்கு ஏத்திட்டா முடிஞ்சது. எதுக்கு இவ்வளவு யோசனை?

ஆல்ட்டோ_அக்கா:
அப்போ சொப்ரானோவோட (பெண்களோட மேல்குரல்) மேல் எஃப் ஷார்ப் ஏ-க்குப் போகும். உச்சத்துல ஒரு தடவைன்னா பாடிடுவாங்க. அங்கேயே நின்னு வார்த்தை சொல்லச் சொன்னா வெறும் கத்தல்தான் வரும்.

தம்புராவே வழி சொல்லுது. பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம்னு நாலு தந்தியையும் ஒவ்வொண்ணாத்தானே மீட்டுறோம்? எந்தத் தந்தியையும் யாரும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதில்லை. அதையே குரலுக்கு எழுது. ரெண்டாம் பாஸ் கீழ் ஏ-யில பா, முதல் பாஸ் அதுக்கு மேல உள்ள டி-யில ஸா, டெனர் (ஆண்களோட மேல்குரல்) அதே ஸா. மந்தரத்தை, அதாவது கீழ் ஸாவை, விட்டுடு. ஒவ்வொருத்தரும் ரெண்டு தாளம் ஒலிச்சு ரெண்டு தாளம் ஓயட்டும், நுழையுற இடம் மட்டும் தள்ளித் தள்ளி வரட்டும். எல்லாருக்கும் மூச்சு கிடைக்கும், ஒலியும் அறாது. 'ம்'முக்குப் பதிலா 'ஓ'ன்னு தொடங்கி 'ம்'ல மூடினா மீட்டுற மாதிரியே இருக்கும்.

சுருதி இறங்குறதுக்குப் பாதிக் காரணம் இந்த மூச்சுதான். காத்து குறையுறப்ப ஸா தொய்யுது, மத்த மூணு குரலும் அதோட சேர்ந்து இறங்குது. ஒண்ணு கவனி: அந்தர காந்தாரத்தை (இந்த ராகத்தோட கா) சுத்தமாப் பாடினா கீபோர்டைவிட 14 சென்ட் (அரை ஸ்வரத்துல நூத்துல 14 பங்கு) கீழேதான் நிக்கும், அதைத் திருத்தப் போகாதே. ஸா எங்க நிக்குதுன்னு மட்டும் பாரு.

ஏட்டுச்சுரைக்காய்:
குறுந்தொகைக்கு யார் அனுமதியும் வேண்டாம். மொழிபெயர்ப்பு அப்படி இல்லைங்க. ராமானுஜன் காலமானது 1993-ல. நம்ம சட்டப்படி அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம், அதாவது 2053 முடியுற வரைக்கும் உரிமை இருக்கு. பல நாடுகள்ல 70 வருஷம். அனுமதிக்கு எழுதிக் காத்திருக்கிறதைவிட, சொல்லுக்குச் சொல் அர்த்தம் நீங்களே எழுதிடுங்க. பாடுறவங்களுக்கு அதுதான் அதிக உபயோகம், எந்தச் சொல்லை அழுத்தணும்னு தெரியும். பாடல் வரிக்குக் கீழ ரோமன் எழுத்தும் கட்டாயம்.

இன்னொண்ணு, பக்கத்துல பேரை அழிச்சா போதாது. ஃபைல் மெனுவுல ப்ராஜெக்ட் ப்ராபர்ட்டீஸ்ல கம்போஸர் பேர் இருந்தா அதையும் எடுங்க. பிடிஎஃப்-ஐ வேற கம்ப்யூட்டர்ல திறந்து அதோட ப்ராபர்ட்டீஸையும் பாருங்க. அப்படியே தமிழ் எழுத்தோட கொம்பு, கால் எல்லாம் சரியா விழுந்திருக்கான்னும் பார்த்துடலாம். ஃபைல் பேர்லயே தன் பேரை வச்சு அனுப்புற மகராசன்களும் உண்டு.

கீழ்_ஸ்தாயி:
அக்கா, நேத்து ராத்திரி பா-ஸா-ஸா மாத்தி எழுதி இன்னைக்குப் பாடினோம். டி-லயே வந்து நின்னுச்சு! நிஷாதத்துல (நி) மட்டும் கொஞ்சம் ஆடுது. கீழ பியானோ வரி ஒண்ணும் சேர்க்கணுமா? கமகத்தை (ஸ்வரத்தை அசைச்சுப் பாடுறதை) எப்படி எழுதுறது?

ஆல்ட்டோ_அக்கா:
பியானோ வரியைச் சின்ன எழுத்துல, 'ஒத்திகைக்கு மட்டும்'னு மேல குறிச்சுப் போடு. நாலு குரலும் ஒரே பார்வையில தெரியும், ஸ்கோரைப் படிக்கிறவங்களுக்கும் சௌகரியம். கமகத்துக்கு, சொப்ரானோ தனியா வர்ற இடத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு ஸ்வரங்களைச் சின்ன நோட்டா விரிச்சு எழுது. நாலு குரலும் சேர்ந்து ஒரே மாதிரி அசைக்கிறது நம்ம ஊர்லயே நடக்காது. நிஷாதம் ஆடுதுன்னியே, அதுக்கு முந்தின பார்ல ஆல்ட்டோ எதைப் பாடுது? அந்தப் பக்கத்தை மட்டும் இங்க போடு, பார்க்கிறேன்.