கறுத்த மண்ணு, ரத்தப் பரிசோதனை, கேன்சர் ஆராய்ச்சி: உங்க அனுபவத்தச் சொல்லுங்க

நெய்யூர்க்காரி:
டி.என்.ஏ. சேதம்தான் என் ஆராய்ச்சி. இப்ப வெளிமாநிலத்துல ஒரு புற்றுநோய் ஆய்வகத்துல இருக்கேன். நம்ம கன்னியாகுமரிக் கடலோரம் மணவாளக்குறிச்சி கறுத்த மண்ணுல மோனசைட்ங்கிற தாது, அதுல தோரியம்ங்கிற கதிரியக்க உலோகம், அதனால கதிர்வீச்சு கூடுதல், இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். பி.எச்.டி. சமயத்துல அந்தப் பக்கம் ரத்தம் எடுக்கப் போனோம். மீன் வித்துட்டு வந்த ஒரு அம்மா, பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "மக்களே, ரத்தத்தக் கொண்டு போறிய. எனக்கு உண்டா இல்லியான்னு எப்ப வந்து சொல்லுவிய?"

நாங்க பண்ணினது காமெட் சோதனை. செல்லை அகரோஸ்ங்கிற கூழ்ல பதிச்சு மின்சாரம் விட்டா, உடைஞ்ச டி.என்.ஏ. நேர்மின் பக்கமா இழுபட்டு வால் நீளும். சேதமில்லாத செல் உருண்டையா அப்படியே நிக்கும். வால் தெரிஞ்சா கேன்சர்னு அர்த்தமே இல்ல. நம்ம ஒவ்வொரு செல்லிலயும் தினமும் ஆயிரக்கணக்குல சேதம் வருது, செல்லே அதைச் சரி பண்ணிக்குது. அது எப்படின்னு காட்டினதுக்குத்தான் லிண்டால், மாட்ரிச், சன்சார் மூணு பேருக்கும் 2015-ல வேதியியல் நோபல். "இது ஊருக்கான கணக்கும்மா, ஒருத்தருக்கான பரிசோதனை இல்ல"ன்னேன். அவங்க பஞ்சைக் கீழ போட்டுட்டு, ஒண்ணும் பேசாம கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு தடவை கட்டுரை எழுத உக்காரும்போதும் அந்தக் கேள்வி முன்னால வந்து நிக்குது.

குளச்சல் கடலோடி:
எங்க வீட்டுலயும் எடுத்தாங்க. குழாயில அப்பா பேரு இல்ல, ஒரு நம்பர்தான். அந்த நம்பர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. பின்னால அப்பா தொண்டைப் புற்றுநோயில போயிட்டாரு. மண்ணாலயா, பீடியாலயான்னு கேட்டா சொல்ல ஆளில்ல. ஊருக்கான கணக்குன்னா ஊருக்காவது சொல்லணும்லா தங்கச்சி?

தக்கலை வாத்தியார்:
குளச்சல் தம்பி, எடுத்த உடனே மண்ணு மேல பழி போடாதீங்க. கேரளாவுல கருநாகப்பள்ளியிலயும் இதே மோனசைட் மணல்தான். அங்க சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்து வருஷத்துக்கு மேல கவனிச்சு 2009-ல வெளியிட்ட ஆய்வுல, இயற்கைக் கதிர்வீச்சால கேன்சர் கூடினதாத் தெரியல. பீடியை முதல்ல பாருங்க.

என் அனுபவம் சின்னது. இதே துறைக்குப் போன என் மாணவி லீவுக்கு வந்தப்ப, "நீ என்னதான் பண்றே?"ன்னு அவ அப்பா கேட்டாரு. வள்ளத்துல ரெண்டு பேரு தண்ணி இறைக்கணும், ஒருத்தன் ஏற்கெனவே விழுந்தாச்சு, மத்தவனையும் நிறுத்தினா வள்ளம் தாழும், கேன்சர் செல்லுலயும் சேதத்தைச் சரி பண்ற ஒரு வழி ஏற்கெனவே பழுது, மத்த வழியையும் மருந்தால நிறுத்தி அப்படித்தான் தாழ்த்தப் பாக்குறோம்னா. டி.என்.ஏ.வைச் சரி பண்ற பி.ஆர்.சி.ஏ. மரபணு பழுதான கட்டிக்குக் குடுக்குற ஓலாபரிப் அந்த வகை மருந்து, அமெரிக்காவுல 2014-ல அனுமதி கிடைச்சுது. அவரு எழுந்து போய்க் கண்ணத் துடைச்சாரு. அவரு சம்சாரம் சினைப்பைப் புற்றுநோயில போனவங்க.

அதனால எல்லாருக்கும் சொல்றேன். குடும்பத்துல இளவயசுல மார்பகப் புற்றுநோயோ, எந்த வயசுலயும் சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தா, மரபணுப் பரிசோதனை வேணுமான்னு டாக்டர்ட்ட கேளுங்க. அம்மா வழி மட்டும் பாக்காதீங்க, அப்பா வழியாவும் வரும். பரிசோதனைக்கு முன்னால மரபணு ஆலோசகரைப் பாருங்க, முடிவு வந்த பிறகும் பாருங்க. பயாப்சி ரிப்போர்ட்டைத் தூரப் போடாதீங்க, எடுத்த சதையைப் பதிச்சு வச்ச மெழுகு பிளாக் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. ஆராய்ச்சிக்குப் போற பிள்ளைகள் நெட் ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுதுங்க, தேறினா மாசாமாசம் உதவித்தொகை வரும், வீட்டுல கை நீட்ட வேண்டாம். செல் வளர்ப்புல கை பழகுங்க. பூஞ்சை விழுந்து மாசக் கணக்கா உழைச்சது போகும், அதுக்காக ஓடி வந்துராதீங்க. நெய்யூர்ப் பிள்ளே, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச நேரமாப் பாத்து ஊர்க்கூட்டம் போட்டு, படத்தைக் காட்டி, நம்ம பேச்சுலயே சொல்லும்மா.

குளச்சல் கடலோடி:
சார், கருநாகப்பள்ளி கொல்லம் ஜில்லா. எங்க அப்பா கை நீட்டினது இங்க. அவரு பீடி குடிச்சாருதான், நான் மறைக்கல. நான் கேக்குறது அந்த நம்பருக்கு நேரா என்ன எழுதினாங்கன்னு. தங்கச்சி, கூட்டம் போடுறதா இருந்தா தேதி சொல்லு, குருசடிப் பக்கத்து ஹாலை நான் பேசி வைக்கேன்.