ஸ்விஃப்ட் டீசலுக்கு எந்த ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொருந்தும்?

வணக்கம் நண்பர்களே. வண்டி 2012 மாருதி ஸ்விஃப்ட் விடிஐ, 1.3 டிடிஐஎஸ், 75 பிஎஸ். சாவி போட்டால் செக் எஞ்சின் விளக்கே எரியவில்லை. ஸ்கேனரில் ஈசியூ தெரிவதும் இல்லை. பியூஸ், மெயின் ரிலே, எர்த் எல்லாம் சரி. ஈசியூவுக்கு 12 வோல்ட் வருகிறது, ஆனால் சென்சார்களுக்குப் போகவேண்டிய 5 வோல்ட் வெளியே வரவில்லை. ஏதாவது சென்சார் ஷார்ட்டாகி இழுக்கிறதோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றியும் பார்த்தாயிற்று. கனெக்டர் பின்களில் பச்சையாக அரிப்பு, தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதனால் ஈசியூவையே மாற்றப் பார்க்கிறேன்.

ஸ்டிக்கரில் சுஸூகி பார்ட் நம்பர் பாதி அழிந்துவிட்டது, ஈசியூ தயாரிப்பாளர் மரெல்லியின் ஹார்டுவேர் நம்பர் மட்டும் தெளிவாக இருக்கிறது. எர்டிகா, எஸ்எக்ஸ்4 ஈசியூ வேண்டாம்: அவை 90 பிஎஸ், விஜிடி (இறக்கைக் கோணம் மாறும்) டர்போ, அதன் கட்டுப்பாடே வேறு. ரிட்ஸ் டீசல் இதே 75 பிஎஸ்தான். ஹார்டுவேர் நம்பர் ஒத்துப்போனால், ரிட்ஸ் ஈசியூவில் பழையதின் ஃபிளாஷ் (எஞ்சினை இயக்கும் மென்பொருள்), ஈப்ராம் (அந்த வண்டிக்கே உரிய தகவல்கள் இருக்கும் நினைவகம்) இரண்டையும் ஏற்றினால் ஓடுமா? இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் பூட்டு) தகவல் ஈப்ராமோடு வந்துவிடும் என்று நினைக்கிறேன். பழையதைப் படிக்கவே முடியாவிட்டால் சாவியை மறுபடி பதிய என்ன வழி? புதிய ஈசியூவில் பதிய நான்கு இன்ஜெக்டர்களின் கோட் எண்களும் எழுதி வைத்திருக்கிறேன்.

சேசிஸ் நம்பரை வைத்து முழு பார்ட் நம்பர் எடுத்துத் தர முடிந்தவர்கள் சொல்லுங்கள், தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.