சிப்பியா, விசிறியா, கொத்தா? கொக்கிப் பின்னலின் கரை அலங்காரத்துக்கு ஒரு சொல்

அன்புள்ள குழும உறவுகளுக்கு வணக்கம்.

கொக்கிப் பின்னலில் (குறோசே) கரைக்குப் போடும் அந்த அரைவட்ட அலங்காரத்தை எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் வாசித்தேன். ஓட்டுத் தையல், சங்குத் தையல், விசிறித் தையல், கொத்து, ஊரி என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில் பெண்களுக்கு இந்தப் பின்னலைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அந்த உரிமையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் முன்வைக்கும் சொல் ‘சிப்பி’. காரணம் சொல்வதற்கு முன், ஐந்தில் மூன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘தையல்’ என்ற சொல்லை விலக்கிவிட வேண்டும்.

தையல் என்றால் துணி முதலில் இருக்க வேண்டும். ஊசி அதைத் துளைத்துப் போக வேண்டும். கொக்கிப் பின்னலில் தொடக்கத்தில் துணியே கிடையாது. நூல் தன்னைத் தானே கோத்துக்கொண்டு துணியாகிறது. ஆங்கிலம் இரண்டு வேலைக்கும் ‘ஸ்டிச்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. மருதமுனைக் கைத்தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. இரட்டை ஊசியால் கம்பளி பின்னும்போது ஒரு வரிசை வளையங்கள் முழுவதும் ஊசியிலேயே நிற்கின்றன. கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு பின்னலும் முடிந்ததும் கொக்கியில் எஞ்சுவது ஒரே ஒரு வளையம். அதிலிருந்து கொக்கியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் பின்னியது எல்லாம் அவிழ்ந்து வரும். அந்த வளையம்தான் இந்தக் கலையின் அடிப்படை அலகு. அதற்குக் ‘கண்ணி’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வலையின் துளையைக் ‘கண்’ என்கிறோம் அல்லவா? சங்கிலிக்கு (ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த கண்ணி வரிசைக்கு) அடியில் விழும் வெற்றிடத்துக்கு அந்தக் ‘கண்’ அப்படியே பொருந்தும். நூல் வளையம் கண்ணி, நூல் சூழ்ந்த வெற்றிடம் கண். இந்த இரண்டையும் வகுப்பில் யாருக்கும் நான் விளக்க வேண்டி வந்ததில்லை.

அடுத்தது, கண்ணியிலிருந்து எழுந்து நிற்கும் பகுதி. கற்பவர்கள் மிகவும் தடுமாறும் இடம் இதுதான். பிரித்தானிய வழக்கில் டபுள் குறோசே என்பது அமெரிக்க வழக்கில் சிங்கிள் குறோசே. பிரித்தானியரின் ட்றெபிள், அமெரிக்கருக்கு டபுள். இங்கே மூத்தவர்கள் பழகியது பிரித்தானிய வழக்கு. இணையக் காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்க வழக்கு. அம்மாவிடம் டபுள் கற்ற பெண், காணொளியில் “ஒரே கண்ணியில் ஐந்து டபுள்” என்று கேட்டுவிட்டுப் பின்னினால், விரிய வேண்டிய இடத்தில் கெட்டியான ஒரு முடிச்சு போலத் திரண்டு நிற்கும். அவள் கையில் பிழையில்லை, பெயரில்தான் பிழை. இதை நேரில் பார்த்துச் சலித்தவள் என்பதால் சொல்கிறேன்: இந்தச் சிக்கலை ஒலிபெயர்த்துத் தமிழுக்குள் கொண்டுவருவது பெருந்தீங்கு.

ஜெர்மன் மொழியினர் இந்தக் குழப்பத்துக்குள் போகவே இல்லை. சங்கிலிக் கண்ணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘காற்றுக் கண்ணி’. உயர்ந்து நிற்பதற்கு வைத்த பெயரின் பொருள் ‘சிறு கோல்’. பொருளைத் தங்கள் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம். நிற்பது கால், பந்தலுக்கும் கட்டிலுக்கும் கால் இருப்பதுபோல. கொக்கியில் நூலைச் சுற்றாமல் நுழைத்துப் பின்னுவது ‘குறுங்கால்’. ஒரு சுற்றுச் சுற்றி நுழைத்து, நூலை எடுத்து, மூன்று கண்ணிகளில் இரண்டை இழுத்து, மீந்த இரண்டையும் இழுத்து முடிப்பது ‘நெடுங்கால்’. குறில் நெடில் படித்த எவருக்கும் இது ஒருமுறை சொன்னால் போதும்.

இனி நம் அலங்காரத்துக்கு வருகிறேன். ஒரே கண்ணியில் ஐந்து நெடுங்கால் பின்னுகிறோம். அடிகள் ஐந்தும் ஒரு புள்ளியில் கூடியிருக்கும். தலைகள் இடம் தேடி இருபுறமும் விரியும். முதல் இரண்டு கால் போட்டதும் ஒன்றும் தெரியாது. மூன்றாவது காலில் கண்ணி இறுகத் தொடங்கும். ஐந்தாவதுக்குக் கொக்கியை நுழைக்கும்போது முந்தைய கால்களை இடது கைப் பெருவிரலால் வலப்பக்கம் மெல்ல ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு கண்ணிகளைத் தாண்டி ஒரு குறுங்கால் போட்டு இழுத்ததும், அதுவரை குவிந்து நின்ற கால்கள் பட்டென்று அரைவட்டமாகப் படிகின்றன. அந்தக் குறுங்கால் இல்லையென்றால் வடிவமே இல்லை. பக்கத்தில் தாண்டும் கண்ணிகள் குறைந்தால் கரை சுருண்டு அலையடிக்கும். கூடினால் துணியை உள்ளே இழுத்துக் கோணலாக்கும்.

இந்தச் செயலை வைத்துத்தான் பரிந்துரைகளை எடைபோட வேண்டும்.

‘கொத்து’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அது வேறொன்றுக்குத் தேவை. அடிகள் தனித்தனிக் கண்ணிகளில் இருக்க, தலைகள் மட்டும் ஒன்றாகக் கட்டப்படும் பின்னல் ஒன்று உண்டு. அது நம் அலங்காரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். கொத்து என்பது அதற்கே பொருத்தம். இரண்டையும் மாறி மாறிப் பின்னி முழு வட்டங்களை உண்டாக்கும் வடிவங்களும் இருப்பதால், இரண்டுக்கும் ஒரே சொல் கொடுத்துவிட்டால் குறிப்பே எழுத முடியாது.

‘விசிறி’ தவறில்லை. ஆனால் நெடுங்கால்களுக்கு இடையில் ஒவ்வொரு சங்கிலி விட்டு, கண் தெரிய விரியும் வடிவமும் பின்னல் குறிப்புகளில் வருகிறது. மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி தெரியும் அதற்கு விசிறியை விட்டுவைப்போம்.

‘ஓடு’ என்றால் இங்கே முதலில் கூரைதான் நினைவுக்கு வரும். ‘சங்கு’ திருகிச் செல்வது; நம் அலங்காரத்தில் திருகலே இல்லை.

‘ஊரி’ என்று எழுதிய அம்பாறை நண்பரின் மனம் எனக்குப் புரிகிறது. திருகிய ஓடுள்ள சிறு நத்தை வகையைக் குறித்து எங்கள் வாவியோரத்தில் வழங்கும் சொல் அது. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த எமர்சன் டென்னன்ட் (அன்று இலங்கையில் பிரித்தானிய அரசின் குடியேற்றச் செயலாளர்), வாவியின் அடியிலிருந்து எழும் ஓசைக்குக் காரணம் கேட்டபோது மீனவர்கள் ஊரியைத்தான் காட்டினார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். மீன் பாடுகிறது என்று உலகம் சொல்கையில், ஊரி அழுகிறது என்றவர்கள் நம் மீனவர்கள். ஆனாலும் ஊரியும் சங்கைப் போலத் திருகிக் கூர்ந்து முடிவது. பெயரின் மேல் எவ்வளவு அன்பிருந்தாலும் வடிவம் இடம் கொடுக்கவில்லை.

சிப்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஓடுகளும் கூடும் மூட்டில் ஒடுங்கி, விளிம்பை நோக்கி விரிகிறது. பல சிப்பிகளில் மூட்டிலிருந்து விளிம்புவரை கோடுகள் ஓடும். அவைதான் நம் நெடுங்கால்கள். மட்டிக்கும் இதே வடிவம்தான், எங்கள் கரையில் நன்றாகப் புழங்கும் சொல்லும்கூட. ஆனால் தமிழ்நாட்டில் மட்டி என்றால் அறிவு குறைந்தவர் என்றும் பொருள்படும். அந்தச் சுமை வேண்டாம். இன்னுமொரு நன்மை: சேலைக்கும் வேட்டிக்கும் ‘கரை’ என்கிறோம். இந்த அலங்காரம் பெரும்பாலும் ஓரத்துக்கே போடப்படுவதால் ‘சிப்பிக்கரை’ என்று சொல்லிவிடலாம்.

‘ரேந்தை’ (லேஸ்) என்ற சொல்லைப் போர்த்துக்கேயம் என்று ஒதுக்க வேண்டும் என ஒரு மடல் வந்திருந்தது. இதற்கு நான் உடன்படவில்லை. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். 1638இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். அவர்கள் போனாலும் அலுமாரி, கதிரை, சப்பாத்து போல ரேந்தையும் எங்கள் வீடுகளில் தங்கிவிட்டது. துவாய்க்கும் மேசை விரிப்புக்கும் ரேந்தை பிடித்த கைகளிடம், அது உங்கள் சொல் அல்ல என்று எப்படிச் சொல்வது? துளையோடு கூடிய நூல்வேலை அனைத்துக்கும் பொதுப்பெயராக ரேந்தை இருக்கட்டும்.

கைவேலைக்கெல்லாம் கலைச்சொல் எதற்கு என்று கேட்டவருக்கும் ஒரு பதில். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அறிவியலைத் தமிழில் படிக்கச் சொல் வேண்டும் என்பது அன்றைய தேவை. இன்று விதவைப் பெண்ணொருத்தி வீட்டிலிருந்தபடி மேசை விரிப்புப் பின்னி விற்க விரும்புகிறாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவள் தனியே வாசித்துப் பின்னக்கூடிய ஒரு குறிப்பைத் தமிழில் எழுத முடியவில்லை என்றால், அதுவும் அதே அளவு குறைதான்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு குறிப்பை எழுதிப் பார்த்தேன்:

முதல் வரிசை: 26 சங்கிலி. கொக்கியிலிருந்து 2ஆம் சங்கிலியில் 1 குறுங்கால். “2 தாண்டு, அடுத்ததில் 1 சிப்பி, 2 தாண்டு, அடுத்ததில் 1 குறுங்கால்” என்பதை 4 முறை செய். திருப்பு.

இரண்டாம் வரிசை: 3 சங்கிலி ஏற்று (இது ஒரு நெடுங்காலுக்குச் சமம்). அதே குறுங்காலில் 2 நெடுங்கால், இது அரைச்சிப்பி. “அடுத்த சிப்பியின் நடுக்காலில் 1 குறுங்கால், அடுத்த குறுங்காலில் 1 சிப்பி” என்பதை 3 முறை செய். கடைசிச் சிப்பியின் நடுக்காலில் 1 குறுங்கால், இறுதிக் குறுங்காலில் 3 நெடுங்கால் போட்டு அரைச்சிப்பியாக முடி.

சிப்பி, அரைச்சிப்பி, ஐங்கால் சிப்பி, ஏழுகால் சிப்பி என்று தேவைக்கேற்ப வளர்கிறது. வகுப்பில் இருவர் இதை வாசித்து, என்னிடம் கேட்காமலே பின்னி முடித்தார்கள்.

ஒன்றுமட்டும் இன்னும் தீரவில்லை. குறுங்காலுக்கும் நெடுங்காலுக்கும் இடைப்பட்ட உயரத்தில் ஒரு கால் உண்டு: ஒரு சுற்றுச் சுற்றி நுழைத்து, மூன்று கண்ணிகளையும் ஒரே இழுப்பில் முடிப்பது. அதை ‘அரைக்கால்’ என்றால் தமிழ்க் கணக்கில் எட்டில் ஒன்றாகிவிடும். ‘நடுக்கால்’ என்றால் மேலே சிப்பியின் நடுவில் நிற்கும் காலோடு மோதும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ரேந்தை பின்னும் மூத்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருக்கிறார்களா என்று அங்குள்ளவர்கள் தயவுசெய்து கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து