கம்பெனி லாரியில் மைலேஜ் போனஸ் என்கிறார்கள், நம்பிச் சேரலாமா?

ஓமலூர் பையன்:
வணக்கம் அண்ணே எல்லோருக்கும். ரெண்டு வருசமாக சேலம் லீ பஜாரில் இருந்து டாடா 407 சின்ன லாரியில் மளிகை லோடு அடித்துக்கொண்டிருந்தேன், போன மாசம்தான் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தது. இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட்டில் 12 சக்கர டாரஸ் லாரிக்குக் கூப்பிடுகிறார்கள், சேலம் பெங்களூரு லைன். மாசம் 17,000 சம்பளம், வண்டி ஓடுகிற நாளுக்கு 450 பேட்டா (கைச்செலவுப் படி), அதுபோக லிட்டருக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தால் மிச்சமாகிற டீசலில் பாதிக் காசு போனஸ். நாலுக்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வராதுப்பா, நல்லா ஓட்டு" என்று மேனேஜர் சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அதுதான் உறுத்துகிறது. மைலேஜ் எடுக்க என்ன வழி, போனஸ் நிஜமாகவே கைக்கு வருமா?

சங்ககிரி டாரஸ்:
தம்பி, நான் 22 வருசமாக ஓட்டுகிறேன். முதலில் உன் போனஸைக் கணக்குப் போட்டுப் பார். போக வர சுமார் 400 கிலோமீட்டர், நாலு கொடுத்தால் 100 லிட்டர். நீ 4.3 எடுத்தால் 93 லிட்டர். மிச்சம் 7 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்றே வைத்தாலும் 630, உன் பங்கு 315. மாசம் பத்து டிரிப் என்றால் 3,000 ரூபாய்க்கு மேல். நல்ல காசுதான், ஆனால் அந்த 'நாலு' எந்த லோடுக்கு என்று கேட்டாயா? சேலத்தை விடப் பெங்களூரு 600 மீட்டருக்கு மேல் உயரம். இங்கிருந்து இரும்பு ஏற்றிக்கொண்டு ஏறி, எம்டியாக, அதாவது காலி வண்டியாக, இறங்கினால் ஒரு கணக்கு. எம்டியாக ஏறி லோடோடு இறங்கினால் வேறு கணக்கு. ரெண்டுக்கும் ஒரே நாலு போட்டார்கள் என்றால் அது உன் காலைப் பார்த்துப் போட்ட கணக்கே இல்லை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் அப்படித்தான் போட்டார்கள், மூணு மாசம் என் சம்பளத்தில் பிடித்தார்கள், எதுவும் எழுத்தில் இல்லாததால் வாயைத் திறக்க முடியவில்லை.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். போனஸுக்காகத் தொப்பூர் மலை இறக்கத்தில் நியூட்ரலில் இறங்காதே. டீசல் மிச்சம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், சிலர் சாவியையே அணைத்துவிடுவார்கள். இப்போது வரும் இன்ஜினில் கியரில் போட்டுக் காலை எடுத்தால் டீசல் தானாக நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். அணைத்துவிட்டாலோ பிரேக்குக்குக் காற்று ஏறாது, ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒருமுறை எனக்கு முன்னால் ஒரு வண்டி அப்படி இறங்கியது. பின் சக்கர பிரேக் ட்ரம்மில் வெள்ளைப் புகை, பிரேக் லைனிங் கருகுகிற நாற்றம் என் கேபினுக்குள் வரை வந்தது. கீழே எப்படியோ ஓரம் கட்டி நிறுத்தினான், இறங்கி நின்றவனுக்குக் கால் நடுக்கம் நிற்கவே இல்லை. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர், எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக் குழாயை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்காமல் இறங்கு.

செவ்வாய்ப்பேட்டை ஷெட்:
அண்ணன் சொன்னது சரி. நான் மெக்கானிக், என் பங்குக்கு ஒன்றிரண்டு. இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டரில் பச்சைப் பட்டை இருக்கும், ஊசி அதற்குள் நிற்கிற மாதிரி சீக்கிரமே மேல் கியருக்குப் போ. சமதளத்தில் 55, 60-இல் சீராகப் போனாலே பாதி வேலை முடிந்தது. டோலையோ சிக்னலையோ தூரத்தில் பார்த்ததும் காலை எடுத்துவிடு, கடைசியில் பிரேக் அடித்தால் அவ்வளவும் எரித்த டீசல்தான். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பார், சூடான பிறகு பார்த்தால் தப்பான அளவு காட்டும். டீக்கு நிறுத்தும்போது ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் புறங்கையை வைத்துப் பார், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். அதை ஷெட்டில் சொல்லாமல் எத்தனை நிதானமாக ஓட்டினாலும் மைலேஜ் வராது.

டிரிப் ஷீட் அக்கா:
நான் டிரைவர் இல்லை தம்பி, என் வீட்டுக்காரர் கணக்கை எழுதுகிறவள். மைலேஜ் போனஸும் தீபாவளி போனஸும் வேறு வேறு, ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க விடாதே. 1965-இல் வந்த போனஸ் சட்டம் 21,000 வரை சம்பளம், வருசத்தில் 30 நாள் வேலை என்றால் குறைந்தது 8.33 சதவீதம் தரச் சொன்னது. அதில் பேட்டா சம்பளத்தில் சேரவில்லை. 2025 நவம்பரில் அதற்குப் பதில் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, 30 நாளும் 8.33 சதவீதமும் அதிலும் உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று கேள், இ.எஸ்.ஐ.க்கும் வரம்பு அதே 21,000தான். ஒரு நோட்டு போட்டு, டேங்க் ஃபுல் செய்தபோது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், போட்ட லிட்டர், லோடா எம்டியா, எத்தனை மணி நேரம் கம்பெனி வாசலில் இன்ஜின் ஓட நின்றது, எல்லாம் எழுதி பில்லைப் போட்டோ எடுத்து வை. போன வருசம் 40 லிட்டர் குறைகிறது என்று எங்களைச் சொன்னபோது அந்த நோட்டுதான் பேசியது.

ஓமலூர் பையன்:
அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. இன்று போய்க் கேட்டேன். லோடோடு ஏறினால் 3.2, எம்டி என்றால் 5 என்று தனியாக எழுதிக் கொடுத்துவிட்டார். பி.எஃப். உண்டு. குறைந்தால் பிடிப்பார்களா என்பதை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். அது எழுத்தில் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை பழைய டிரைவரோடு ஒரு டிரிப் சும்மா போய் வரச் சொன்னார்கள், போகிறேன். நோட்டு வாங்கிவிட்டேன்.