முழு ஆண்டுத் தேர்வு விடைத்தாளை மாணவர்களிடம் காட்டலாமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியை

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள் திருத்தும் பணியும் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பள்ளி மூடுவதற்கு இன்னும் ஒன்பது வேலைநாள்கள் இருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிப்பது, நூலகப் புத்தகங்களைத் திரும்பப் பெறுவது, மதிப்பெண்களைப் பட்டியலில் ஏற்றுவது, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் ஒவ்வோர் ஆண்டும் இந்த நாள்கள் கழிகின்றன. அடுத்த வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடலாம் என்று ஓராண்டு முயன்று பார்த்தேன். பாதி வகுப்பு வராத நிலையில் நடத்திய அந்தப் பாடத்தைப் பள்ளி திறந்ததும் முதலிலிருந்து நடத்த வேண்டியதாயிற்று.

நேற்று மாலை 42 விடைத்தாள்களையும் அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாளை மட்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஒரு மாணவி, இயற்கணிதக் கணக்கு ஒன்றைச் சரியாகத் தொடங்கி, மூன்று வரிகள் பிழையின்றி எழுதி, பிறகு அம்மூன்று வரிகளையும் குறுக்குக் கோடு போட்டு அடித்திருக்கிறாள். அதன் கீழே, இரண்டு உறுப்புகளின் கூடுதலை வர்க்கப்படுத்த வேண்டிய இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிட்டு, நடுவில் வரவேண்டிய இருமடங்குப் பெருக்கலை விட்டிருக்கிறாள். அடித்த வரிகளில் அந்த நடு உறுப்பு இருந்தது. திருத்தும்போது அடித்த பகுதியை நான் படிக்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாதத் தேர்வுத் தாள்களையும் அரையாண்டுத் தேர்வுத் தாள்களையும் மாணவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஓராண்டுப் பாடம் முழுவதையும் சோதிக்கும் தாள் மட்டும் திருத்திய கையோடு கட்டாகி, அலமாரிக்குப் போய், காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்படுகிறது. இந்த மாணவிக்குத் தெரியப்போவது 54 என்ற எண் மட்டுமே. அடுத்த ஆண்டு அவளுக்குக் கணிதம் நடத்தப்போகிறவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இந்த ஒன்பது நாள்களை விடைத்தாள்களைக் கொடுத்துப் பிழைகளைப் பேசுவதற்குப் பயன்படுத்தலாமா? மூத்த ஆசிரியர் ஒருவர், "முடிந்து போனதை ஏன் கிளறுகிறீர்கள், மதிப்பெண் சண்டைதான் மிஞ்சும்" என்கிறார். அந்தச் சண்டையை எப்படிக் கையாள்வது, ஆண்டே முடிந்த பிறகு இதனால் உண்மையில் பயன் உண்டா என்ற இரண்டையும் அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, தாளைக் கொடுப்பது வேறு, காட்டுவது வேறு. கொடுக்காதீர்கள், காட்டுங்கள்.

பள்ளியே நடத்தித் திருத்தும் தேர்வு என்பதால்தான் இந்தப் பேச்சுக்கே இடமிருக்கிறது. பொதுத் தேர்வுத் தாள்கள் நம் கைக்கு வருவதில்லை. நம் கையிலுள்ள தாளும், விதி சொல்லும் காலம் வரை பள்ளியின் பாதுகாப்பில் இருக்க வேண்டிய ஆவணம். மறுகூட்டல் கேட்டு ஒருவர் வந்தால் அதுதான் சான்று. நான் பணியின் தொடக்க காலத்தில் நல்லெண்ணத்தோடு தாள்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு தந்தை வந்து, ஒரு விடைக்கு மதிப்பெண் போடாமல் விட்டிருப்பதாகச் சொல்லித் தாளை நீட்டினார். அந்த விடையின் கடைசி இரண்டு வரிகள் வேறு மையில் இருந்தன. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனை அந்த நிலைக்கு ஆளாக்கியது நான்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

அதன் பிறகு நான் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். வகுப்பறைக்குள் மட்டும் காட்ட வேண்டும். பேனாக்கள் எல்லாம் பைக்குள் போய்விட வேண்டும். மேசை மேல் பென்சிலும் ஒரு வெற்றுத்தாளும் மட்டும் இருக்கலாம். கூடுதல் தாள்கள் எத்தனை இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை முன்பே குறித்து வைத்து, மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு எண்ணி வாங்கிவிட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மதிப்பெண் பட்டியலில் தலைமையாசிரியர் கையெழுத்திடுவதற்கு முன்பே காட்டிவிடுவது. கையெழுத்தான பிறகு கண்டுபிடிக்கப்படும் கூட்டல் பிழை யாருக்கும் தலைவலிதான். அதற்கு முன்பென்றால் அது வெறும் திருத்தம்.

கூட்டல் பிழை இருக்கும், அதில் ஐயமே வேண்டாம். நான் திருத்திய ஒரு கட்டில் பிள்ளைகள் ஆறு பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். ஐந்தில் அவர்களுக்கு மதிப்பெண் கூட வேண்டியிருந்தது. ஆறாவது, ஒரு மாணவன் தானே எழுந்து வந்து, தனக்கு நான்கு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருப்பதாகச் சொன்னது. நான் அதைக் குறைக்கவில்லை. அது சரிதானா என்பதில் இன்றுவரை எனக்கே ஒரு முடிவு கிடைக்கவில்லை.

மறுமொழி: ஒரு மாணவனின் தாய்

சென்ற ஆண்டு என் மகன் அறிவியலில் 41 மதிப்பெண் பெற்றான். எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று கேட்டதற்கு, "தெரியவில்லை அம்மா, நன்றாகத்தான் எழுதினேன்" என்றான். எங்களுக்கும் வேறு வழி தெரியாததால், விடுமுறை முழுவதும் முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரை மறுபடியும் படிக்க வைத்தோம். புதிய ஆண்டின் முதல் தேர்வுத் தாள் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாடம் அவனுக்குத் தெரிந்தே இருந்தது. கணக்கிட்டு எழுத வேண்டிய வினாக்களில் அலகுகளை மாற்றாமலே எண்களைப் பெருக்கி வந்திருக்கிறான். பத்து நாளில் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக ஒரு விடுமுறையை இழந்தான்.

ஆகவே காட்டுங்கள் என்றே சொல்வேன். ஆனால் தாளைக் கொடுக்கும்போது பெயரையும் மதிப்பெண்ணையும் சேர்த்து உரக்க வாசிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மறுமொழி: ஆசிரியர் பயிற்றுநர்

பயன் உண்டா என்ற கேள்விக்கு என்னால் இயன்ற விடையைத் தருகிறேன்.

1988-இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்தும். மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், மற்றொரு பகுதியினருக்கு எழுத்துமூலக் கருத்து மட்டும், மூன்றாவது பகுதியினருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களே அடுத்தடுத்த பணிகளில் முன்னேறினார்கள். அவர்களுடைய ஆர்வமும் குன்றவில்லை. இரண்டையும் பெற்றவர்கள் கூடுதலாக எதையும் பெறவில்லை, அதாவது மதிப்பெண்ணைப் பார்த்த கண் கருத்தின் பக்கம் போகவில்லை. நம் வகுப்பறையில் தாளைக் கொடுத்தவுடன் நடப்பதை நினைத்துப் பாருங்கள்: முதல் பக்கத்தில் வட்டமிட்ட எண், அடுத்து பக்கத்து மேசைக்காரனின் எண், அதோடு தாள் மூடப்படும்.

பட்டர்ஃபீல்டு, மெட்கால்ஃப் ஆகிய இருவர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. விடை சரி என்று உறுதியாக நம்பி ஒருவர் செய்த பிழையை உடனே சுட்டிக்காட்டினால், அரைமனத்தோடு செய்த பிழையைவிட அது எளிதில் திருந்துகிறது என்று அவர்கள் கண்டார்கள். நாம் பொதுவாக இதற்கு நேர்மாறாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்! வியப்பு கவனத்தை இழுக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. உங்கள் மாணவி தான் அடித்த மூன்று வரிகளைத் தானே பார்க்கும்போது அத்தகைய வியப்பு நேரக்கூடும். ஆனால் சுட்டிக்காட்டுவதற்குத் தாள் அவள் முன்னால் இருக்க வேண்டும்.

விடுமுறையில் எல்லாம் மறந்துபோகுமே என்ற ஐயத்துக்கும் இடமுண்டு. ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட விடுமுறைக்குப் பின் மாணவர்களின் அடைவு சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குவதாகவும், கணக்கிடும் திறனும் சொற்களைப் பிழையின்றி எழுதும் திறனும் அதிகம் தேய்வதாகவும் கண்டார்கள். இவ்வகை அளவீடுகளைப் பின்னர் வந்தவர்கள் கேள்விக்கு உட்படுத்தியும் இருக்கிறார்கள். எப்படியாயினும், பிழையோடு விடுமுறைக்குப் போகும் பிள்ளை அந்தப் பிழையை இழந்துவிட்டுத் திரும்புவதில்லை.

எனவே நான் பரிந்துரைப்பது, முதல் பக்கத்தை மடித்து மதிப்பெண் தெரியாதபடி பின்னூசியால் குத்திவிட்டுத் தாளைக் கொடுத்து, முதல் நாள் பிழைகளை மட்டும் பார்க்கச் செய்வது. கூட்டலைச் சரிபார்ப்பது மறுநாள் நடக்கட்டும்.

மறுமொழி: அறிவியல் ஆசிரியர்

பயிற்றுநர் அவர்கள் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு ஐந்து பிரிவுகள். தாள்கள் 200-க்கு மேல். ஒவ்வொன்றிலும் கருத்து எழுதிக்கொண்டிருந்தால் மதிப்பெண் பட்டியலை யார் ஏற்றுவது? ஆய்வகத்தில் இருப்புப் பதிவேட்டின்படி முகவைகளையும் சோதனைக்குழாய்களையும் எண்ணிக் கையெழுத்திட வேண்டிய வேலையும் இதே ஒன்பது நாள்களில்தான் வருகிறது. இந்த எண்ணும் வேலையை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களையே துணைக்கு வைத்துச் செய்கிறேன். உடைந்ததைக் கணக்கில் எழுதும்போது யார் உடைத்தது என்பதைச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள். ஆண்டு முடிவில் மட்டுமே கிடைக்கும் நேர்மை அது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இந்தக் கடைசி நாள்களில் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறவர்கள் யார்? பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள்தாம். வருகிறவர்களோ நன்றாக எழுதியவர்கள். ஆக, கருத்து எழுதுவதைவிட, திருத்தும்போதே எந்தப் பிழை எத்தனை பேரிடம் வந்தது என்று ஒரே ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி, அந்தப் பட்டியலை அடுத்த ஆண்டு ஆசிரியரிடம் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம். வராத பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

ஒன்பது நாளையும் பாடத்தால் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஆண்டு வேறு வேறு பிரிவுகளுக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்குச் சும்மா உட்கார்ந்து பேசவும் சில பாடவேளைகள் வேண்டும்.

மறுமொழி: கேள்வி கேட்ட ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. நாளை கடைசி வேலைநாள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வகுப்பறையை விட்டுத் தாள் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு தலைமையாசிரியர் இசைவு தந்தார். ஐயா சொன்னபடி பேனாக்கள் பைக்குள் போயின. பயிற்றுநர் சொன்னபடி முதல் பக்கத்தை மடித்துப் பின்னூசி குத்தினேன். முதல் பத்து நிமிடம் பின்னூசியைப் பற்றிய முணுமுணுப்பிலேயே கழிந்தது. ஒரு மாணவன் தாளை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து எண்ணைப் படிக்க முயன்றதையும் பார்த்தேன். எண் கிடைக்காது என்று உறுதியான பிறகே தாளைப் புரட்டத் தொடங்கினார்கள். தாங்கள் இழந்த இடங்களில் ஏதேனும் மூன்றைத் தேர்ந்து, பிழை எந்த வரியில் தொடங்கியது என்று மட்டும் வெற்றுத்தாளில் எழுதச் சொன்னேன். கருத்து எழுத எனக்கும் நேரமில்லை. அவர்களையே எழுத வைத்துவிட்டேன்.

அந்த மாணவியின் அருகே போய், சரியாக வந்த வரிகளை ஏன் அடித்தாய் என்று கேட்டேன். அடித்த வரிகள் சரி என்பதை அவள் முதலில் நம்பவே இல்லை. மூன்றையும் நான்கையும் வைத்துச் சரிபார்க்கச் சொன்னேன். தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 25. கூட்டிவிட்டு வர்க்கப்படுத்தினால் 49. நடுவில் விடுபட்ட 24 எங்கே என்று தேடிக் கண்டுபிடித்த பிறகு, "எளிதாக வந்துவிட்டது மிஸ், அதனால் தவறாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள். அவள் என் வகுப்பில் ஓராண்டு இருந்திருக்கிறாள், இது எனக்குத் தெரியாது.

மறுநாள் பின்னூசிகளை எடுத்தபோது இரண்டு கூட்டல் பிழைகள் கிடைத்தன, இரண்டும் என்னுடையவை. திருத்திக் கையெழுத்திட்டேன். மூத்த ஆசிரியர் அஞ்சியது போல ஒரு சண்டையும் வந்தது. முழு மதிப்பெண் தரவேண்டிய விடை என்று ஒரு மாணவன் விடாமல் வாதாடினான். அவன் வாதம் தவறுதான், ஆனால் ஆண்டு முழுவதும் வாய் திறக்காதவன் என்பதால் நான் அதை நீளவே விட்டேன்.

அறிவியல் ஆசிரியர் சொன்னதும் அப்படியே நடந்தது. முதல் நாள் 26 பேர்தான் வந்தார்கள்; செய்தி கேள்விப்பட்டு அடுத்த இரண்டு நாள்களில் இன்னும் ஐவர் வந்தார்கள். மீதி 11 தாள்களைப் பார்க்க யாரும் வரவில்லை, அவற்றில் ஏழு தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய தாள்கள். அதனால் 42 தாள்களையும் மறுபடி புரட்டிப் பிழைப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அந்த 11 பேரின் பெயருக்கு எதிரே மட்டும் தனித்தனியே ஒரு வரி எழுதிப் பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் பட்டியலில் விரலை ஓட்டி, கூடுதலை வர்க்கப்படுத்தும் பிழைக்கு எதிரே இருந்த எண்ணில் நிறுத்தி, "17 பேரா?" என்றார். பிறகு தம் புதிய பாடக்குறிப்பேட்டை எடுத்து, முதல் வாரத்துக்கு எழுதி வைத்திருந்ததை அடித்தார்.