சிகரெட் கம்பெனியே "புற்றுநோய் வரும்" என்று ஒத்துக்கொண்ட பிறகும் அதைத் திட்டலாமா?

கழனிவாசல்:
நேற்று டீக்கடையில் ஆரம்பித்த வாக்குவாதம். அங்கே முடியவில்லை, இங்கே கொண்டுவந்துவிட்டேன். பெரிய சிகரெட் கம்பெனிகள் இப்போது தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன: புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய், இதயநோய் வரும், நிகோடின் அடிமைப்படுத்தும் என்று. பிலிப் மோரிஸ் இதை 1999லேயே ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டில் 2016லிருந்து பெட்டியில் 85 சதவீதம் எச்சரிக்கைதான். இன்னும் என்னதான் சொல்ல வேண்டும்? தெரிந்தே பிடிப்பவன் பொறுப்பு அது.

கண்டனூர் ஆச்சி:
தம்பி, 1999ல் எழுதியது என்ன? புகை புற்றுநோய் தரும் என்று மருத்துவ உலகம் பெரும்பாலும் ஒருமித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். "நாங்களும் ஏற்கிறோம்" என்ற வார்த்தை மறுவருடம்தான் வந்தது. கடன் வாங்கியவன், "நான் தர வேண்டியிருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள்" என்றால், பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த நம் ஐயாக்கள் அதைக் கடன் ஒப்புதல் என்று பேரேட்டில் ஏற்றியிருப்பார்களா? 1999ல் எழுதிய அந்த ஒரு வரிக்கு முந்தைய வருடம்தான், வழக்குகளை முடித்துக்கொள்ள, அமெரிக்காவில் 46 மாநிலங்களுக்கு 20,000 கோடி டாலருக்கு மேல் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டார்கள். வக்கீல் எழுதிய வரி அது.

செக்காலை ஏஜென்சி:
ஆச்சி, நான் இந்த வியாபாரத்தில் இருப்பவன், மறைக்கவில்லை. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டுக்குப் பின்னாலேயே சிகரெட் தட்டும் முகப்பைச் சுற்றி வந்த ஊர் இது. ரங்கூன் சுருட்டோடு கப்பல் இறங்கிய ஐயாக்களுக்கு எந்தக் கம்பெனி விளம்பரம் காட்டியது? இருமல் வரும் என்று அப்போதே எல்லோருக்கும் தெரியும். அப்புறம், இங்கே சிகரெட் தயாரிக்கும் ஐடிசி கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று எல்ஐசி. நீங்கள் கட்டும் பிரீமியமும் அங்கே போகலாம். அரசாங்கம் வரியும் வாங்கும், படமும் போடும். கம்பெனி மட்டும் கூண்டில் நிற்க வேண்டுமா?

பள்ளத்தூரான்:
எல்ஐசி விஷயத்தில் அண்ணன் சரியாகத்தான் அடித்திருக்கிறார். உயிருக்கு இன்சூரன்ஸ் செய்பவனே முதல் போட்டிருக்கிறான்!

கண்டனூர் ஆச்சி:
அரசாங்கத்தையும் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் "எல்லோருக்கும் தெரியும்" என்பது மட்டும் வேண்டாம். தெரியக்கூடாது என்றுதானே அத்தனை செலவு செய்தார்கள்? 1954 ஜனவரியில் அமெரிக்காவில் 400க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை: எங்கள் சரக்கு தீங்கானது என்று நாங்கள் நம்பவில்லை, மக்கள் ஆரோக்கியமே எங்கள் தலையாய பொறுப்பு. 1994ல் ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுமுன் வரிசையாகக் கை உயர்த்திப் பிரமாணம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள்.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, டாக்டர் "விடுங்கள்" என்றபோது, அவர் விடவில்லை, "லைட்ஸ்" என்று விற்ற சிகரெட்டுக்கு மாறினார். கெடுதல் குறைவாம். ஒருநாள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து ஒன்றைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பில்டரைச் சுற்றி ஊசி முனை அளவில் வளையமாகத் துளைகள். புகையிலுள்ள தாரை அளக்கும் சோதனை இயந்திரம் இழுக்கும்போது அதன் வழியே காற்றும் கலந்துவிடும், தார் குறைவாகக் காட்டும். அப்பச்சி பிடிக்கும் பிடியில் இரண்டு விரலும் சரியாக அந்த வளையத்தின்மேல்தான் இருந்தன, துளை அடைபட்டுப்போகும். போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்பார். ஏமாந்தது அவரா, அவர் விரலா? 2006ல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் இந்த லைட்ஸ் வித்தையையும் சேர்த்துத்தான் மோசடி என்று தீர்ப்பு எழுதினார். திருத்த அறிக்கை போடச் சொன்னால், அதன் வாசகத்துக்கே மல்லுக்கட்டி 2017 வரை இழுத்தார்கள்.

கழனிவாசல்:
லைட்ஸ் கதை எனக்குப் புதிது. சரி, அது அந்தக் காலம். இப்போதுதான் சொல்லிவிட்டார்களே?

பள்ளத்தூரான்:
யாரிடம் சொன்னார்கள்? நம் ஊரில் யார் பெட்டியாக வாங்குகிறான்? பஸ் ஸ்டாண்ட் கடையில் ஒன்று வாங்கி, தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்து, ஒரு மிட்டாயும் வாயில் போட்டுக்கொண்டு போகிறான். அந்த 85 சதவீதப் படத்தை நாள் முழுக்கப் பார்ப்பது கடைக்காரர்தான். எங்கள் தெருக் கடைக்காரர் பிடிப்பதே இல்லை, படம் அவரிடம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. கம்பெனியின் இணையதளத்தை எந்தப் புகைப்பவன் திறந்து படித்தான்?

செக்காலை ஏஜென்சி:
சில்லறை விற்பனை கடைக்காரன் பிழைப்பு தம்பி, அதைக் கம்பெனி தலையில் கட்டாதீர்கள். பதினெட்டு ஆகாத பையனுக்கு நான் கொடுப்பதில்லை. ஆச்சி சொன்ன துளையைக் கடையில் இப்போதுதான் பார்த்தேன். இருக்கிற வகைகளில் இரண்டில் வளையம் தெரிந்தது. மற்றதில் என் கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணாடி மாற்றி வருடமாகிறது. அப்பச்சி இப்போது எப்படி இருக்கிறார் ஆச்சி?

கண்டனூர் ஆச்சி:
போன ஐப்பசியோடு ஆறு வருடம் ஆகிறது அண்ணே, அவர் போய்.