உலர்பழ பார்: வெட்டினால் உதிர்கிறது, உதிராவிட்டால் கல்லாகிவிடுகிறது

கேள்வி

வணக்கம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4 வயது. விடுமுறை நாள்களில் இருவரையும் சேர்த்துக்கொண்டு, ஓடிஜி என்கிற சிறிய மின்சார அடுப்பில் உலர்பழமும் பருப்புகளும் கலந்த பார் செய்ய முயன்று வருகிறேன். கடையில் வாங்கிய ஒன்றின் உறையில், சேர்மானங்களின் முதல் இடத்திலேயே சர்க்கரைப் பாகு இருந்ததைப் படித்த பிறகு எழுந்த ஆசை இது.

இதுவரை மூன்று முறை செய்துவிட்டேன். முதல் முறை ஓட்ஸ், முழுப் பாதாம், முந்திரி, உலர்திராட்சை எல்லாவற்றையும் தேனில் பிசறி 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்தேன். கத்தி பட்டதுமே பொலபொலவென்று உதிர்ந்துவிட, பாலில் போட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தோம். இரண்டாம் முறை கடலைமிட்டாய்க்குக் காய்ச்சுவதுபோல வெல்லப்பாகைப் பதம் பார்த்து ஊற்றி, அதன்பின் அடுப்பில் வைத்தேன். என் மாமியார் அதை அம்மிக் குழவியால் தட்டித்தான் உடைத்தார். மூன்றாம் முறை பாகைக் குறைத்ததில், ஓரம் கல்லாகவும் நடுப்பகுதி உதிரியாகவும் வந்ததோடு மேலே கிடந்த திராட்சை கருகிக் கசந்தது.

பாகு இல்லாமல் எதைக் கொண்டு சேர்த்துப் பிடிப்பது? சின்னவனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? கரண்டியால் கிளறுவதற்கு மட்டும் ஓடி வருகிறான், ஐந்து நிமிடத்தில் காணாமல் போய்விடுகிறான்.

மறுமொழி 1

சகோதரி, வீட்டிலிருந்தே கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாம் முறை நீங்கள் இரண்டு பலகாரங்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அடுப்புக்குள் போவதே இல்லை. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருண்டு, எடுத்து ஒடித்தால் படக்கென்று ஒடிகிற அளவுக்கு அந்தப் பாகில் நீர் ஏற்கெனவே வற்றியிருக்கும். வறுத்த கடலையோடு கலந்து, தட்டி, வெட்டினால் அத்தோடு வேலை முடிந்தது. அந்தப் பாகை மறுபடி சூட்டில் வைத்தால் மிச்சமிருக்கும் ஈரமும் போய், இளகி, ஆறும்போது கண்ணாடிபோல் இறுகிவிடும். அதனால்தான் குழவி தேவைப்பட்டது.

அடுப்பில் வேகும் பாருக்கு ஈரமும் பசையும் சேர்ந்த பிடிப்பு வேண்டும். அதற்குப் பேரீச்சையை விட்டால் வேறில்லை. விதை நீக்கிய பேரீச்சை 200 கிராமை 100 மில்லி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரோடு சேர்த்தே மசித்துக்கொள்ளுங்கள். ஆளிவிதைப் பொடி ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு வரும். முட்டை செய்யும் வேலையை அது செய்யும். இவற்றோடு உருக்கிய வெண்ணெய் அல்லது நெய் 50 கிராம், ஓட்ஸ் 150 கிராம், ஒன்றிரண்டாகப் பொடித்த பாதாமும் முந்திரியும் 100 கிராம், உலர்திராட்சையும் நறுக்கிய அத்திப்பழமும் சேர்த்து 60 கிராம், எள்ளோ பூசணி விதையோ 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும்.

பருப்பை முழுசாகப் போடுவது உதிர்வதற்கு இன்னொரு காரணம். கத்தி முழுப் பாதாமில் மோதும்போது அது புரண்டு, சுற்றியுள்ளதையும் பெயர்த்துக்கொண்டு வரும். வேர்க்கடலை சேர்ப்பதானால் இலேசாக வறுத்ததே போதும், ஏனென்றால் அடுப்பில் இன்னொரு முறை வறுபடும். திராட்சை கருகாமல் இருக்க, மேலே தெரிவதையெல்லாம் விரலால் உள்ளே அமுக்கிவிடுங்கள்.

எட்டு அங்குலச் சதுரத் தட்டில் பட்டர் பேப்பரை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு விரித்து, கலவையைக் கொட்டி, அடியில் எண்ணெய் தடவிய டம்ளரால் அழுத்துங்கள். போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு சுற்று அழுத்துங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே சூடாக்கிய அடுப்பில், நடுத் தட்டில், 165 டிகிரியில் சுமார் 25 நிமிடம். ஓடிஜியில் பின்பக்கம் சூடு கூடுதலாக இருக்கும் என்பதால் பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். வெளியே எடுக்கும்போது நடுப்பகுதி மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே வைப்பதில்தான் பலருக்கும் பார் கல்லாகிறது. தட்டிலேயே முழுவதும் ஆறவிட்டு, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அதன்பிறகு நீளமான கத்தியால் ஒரே அழுத்தாக அழுத்தி வெட்டுங்கள். ரம்பம்போல் அறுக்க வேண்டாம். 16 துண்டு வரும்.

மறுமொழி 2

செய்முறையைத் தோழி சொல்லிவிட்டார். நான் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமைக்கும் பாட்டி, சின்னவனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு “உதவி செய்” என்றால் புரியாது. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரிகிற வேலையாக இருக்க வேண்டும். என் பேரனிடம் பேரீச்சையைக் கொடுத்து, விரலால் பிளந்து விதையை ஒரு டம்ளரில் போடச் சொல்வேன். பழத்தை முதலில் எண்ணி வைத்துவிட்டு, கடைசியில் விதையை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. கணக்கு இடித்தால் எங்கோ ஒரு விதை பழத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அது விளையாட்டும் ஆயிற்று, யாருடைய பல்லும் உடையாமல் காப்பதும் ஆயிற்று.

அடுத்தது பருப்புப் பொடிப்பது. கனமான துணிப்பையில் போட்டு வாயை முடிந்து கொடுத்தால், சப்பாத்திக் கட்டையால் அடித்துத் தீர்ப்பான். சத்தம் வருகிற வேலையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளையும் ஓடியதை நான் பார்த்ததில்லை. எடை பார்ப்பதையும் பட்டர் பேப்பரை அளந்து வெட்டுவதையும் மகளிடமே விட்டுவிடுங்கள். சற்றுக் கூடுதலாகக் கொட்டிவிட்டால் அவளே எடுத்துக் குறைக்கட்டும், நீங்கள் கை நீட்ட வேண்டாம்.

அடுப்புக் கதவைத் திறப்பது பெரியவர்கள் வேலை. கொதிக்கும் பாகு பக்கத்தில் பிள்ளைகள் வரவே கூடாது. தண்ணீரைப்போல வழிந்துவிடாமல் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த வகையில் பேரீச்சை முறை எனக்குக் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

மறுமொழி 3

ஒரு சிறு மறுப்பு. பாகு இல்லை என்பதற்காக இதைச் சர்க்கரை இல்லாத பண்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். நார்ச்சத்தும் பருப்பின் கொழுப்பும் கூடவே இருப்பது நல்லதுதான் என்றாலும், பல்லில் ஒட்டிக்கொள்வதில் மிட்டாய்க்கு இது சளைத்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு துண்டு, தின்றபின் வாய் கொப்பளிப்பது என்று எங்கள் வீட்டில் வைத்திருக்கிறோம்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. உங்கள் மகனுக்காகவாவது நன்றாகப் பொடித்தே போடுங்கள். முதல் முறை தேன் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலோ பக்கத்திலோ ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், தேன் சேர்த்த துண்டை அடுப்பில் வெந்ததுதானே என்று ஊட்டிவிடாதீர்கள், ஏனென்றால் தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அந்தச் சூட்டுக்கு அழிவதில்லை. பள்ளிக்குக் கொடுத்தனுப்பும்போது வேர்க்கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாது என்பதால், பங்கிட்டுத் தின்னக் கூடாது என்று மகளிடம் சொல்லி அனுப்புங்கள்.

மறுமொழி 1-ஐ எழுதியவர்

அந்த மறுப்பை ஏற்கிறேன். இனிப்பு இன்னும் குறைய வேண்டுமென்றால் பேரீச்சையை 150 கிராமாக்கி, நன்கு கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். பிடிப்பு குறையாது, ஆனால் ஈரம் கூடுவதால் மூன்று நாளுக்கு மேல் தாங்காது, அதுவும் ஃபிரிட்ஜில்தான்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாலை செய்தோம். பழம் 26, விதை 25. மசிப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் கிண்ணத்தைத் துழாவினோம். பத்து நிமிடம் கழித்து, மகனின் கால்சட்டைப் பையில் இருந்தது. தொட்டியில் நடுவதற்காக ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டானாம்.

165 டிகிரியில் 25 நிமிடம் சரியாக இருந்தது. நடுவில் மெத்தென்று இருந்தபோது கை துறுதுறுத்தாலும் மறுபடி உள்ளே வைக்கவில்லை. மகள் பொறுக்க மாட்டாமல், ஃபிரிட்ஜில் வைப்பதற்கு முன்பே ஒரு மூலையை வெட்டிப் பார்த்தாள். அந்த இரண்டு துண்டு மட்டும் உதிர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து வெட்டிய 14 துண்டும் ஓரம் சிதையாமல் வந்தன. மாமியார் ஒன்றைக் கையாலேயே பிட்டுத் தின்றுவிட்டு, அடுத்த முறை சுக்குப்பொடி ஒரு சிட்டிகை சேர்க்கச் சொன்னார்.